காப்பித் துருவை அறிந்தவர்

இலங்கை என்றவுடன் தேயிலை நினைவுக்கு வருகிறது. ஆனால், ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பு கண்டியைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளை நிறைத்திருந்தது தேயிலை அல்ல, காப்பி. உலகின் முன்னணிக் காப்பி ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றாக விளங்கிய அந்தத் தீவு, ஒரே தலைமுறைக் காலத்துக்குள் அந்தப் பயிரை ஏறக்குறைய முற்றிலுமாகக் கைவிட்டது. அதற்குக் காரணம், இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடியாகத் தோன்றிய ஒரு துருப் பூஞ்சை. அந்தப் பூஞ்சை எந்த இனத்தைச் சேர்ந்தது, எப்படிப் பரவுகிறது, செடிக்குள் எவ்வழியே நுழைகிறது என்பதையெல்லாம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியவர் ஹாரி மார்ஷல் வார்டு என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர்.

இன்று ஒரு தோட்டத்தில் இதுவரை அறியப்படாத துரு நோய் தென்பட்டால், இலையிலிருந்து சுரண்டி எடுத்த சிறிதளவு பொடி ஆய்வகத்துக்குப் போகிறது. அதன் மரபணு வரிசை படிக்கப்பட்டு, ஏற்கெனவே சேமிக்கப்பட்டுள்ள வரிசைகளுடன் ஒப்பிடப்படுகிறது. பெரும்பாலும் சில நாள்களில் விடை கிடைத்துவிடுகிறது. அந்த வசதி எதுவுமில்லாத காலத்தில், நுண்ணோக்கி, கண்ணாடித் தகடு, பொறுமை ஆகிய மூன்றை மட்டுமே துணையாகக் கொண்டு அதே விடையைத் தேடியவர் வார்டு. அவருடைய விடை சரியாக இருந்தது. ஆயினும் இலங்கையின் காப்பி பிழைக்கவில்லை. இந்த முரண்தான் அவருடைய வாழ்க்கையை இன்றும் நினைத்துப் பார்க்க வைக்கிறது.

வார்டு 1854-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு நகரில் ஓர் இசைக் கலைஞரின் மகனாகப் பிறந்தார். குடும்பத்தில் செல்வ வளம் இல்லை. லண்டனில் டி.எச். ஹக்ஸ்லியிடம் உயிரியல் பாடம் கேட்டது அவருடைய திசையைத் தீர்மானித்தது. உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பெயரிடுவதே தாவரவியல் என்றிருந்த நிலை மாறி, செடி எவ்வாறு வாழ்கிறது, எவ்வாறு நோயுறுகிறது என்று ஆய்வகத்தில் ஆராயும் புதிய தாவரவியல் இங்கிலாந்தில் வேரூன்றத் தொடங்கிய காலம் அது. மான்செஸ்டரின் ஓவன்ஸ் கல்லூரியிலும், பின்னர் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட்ஸ் கல்லூரியிலும் படித்து, 1879-இல் முதல் வகுப்பில் தேறினார். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் யூலியஸ் சாக்ஸிடம் சிறிது காலம் பயின்றார். பூஞ்சைகளைப் பற்றிய ஆய்வில் அன்று ஜெர்மனிதான் முன்னோடி. கோதுமைத் துரு தன் வாழ்க்கைச் சுற்றை முடிப்பதற்குக் கோதுமையையும் பார்பெரி என்ற புதர்ச் செடியையும் மாறி மாறிச் சார்ந்திருக்கிறது என்பதை 1865-இல் அன்டன் டி பாரி அங்குதான் மெய்ப்பித்திருந்தார்.

இத்தகைய பயிற்சியோடு வந்த இளைஞருக்குக் கிடைத்த முதல் பெரிய பொறுப்பு, கடல் கடந்த ஒரு காலனியின் பொருளாதாரத்தையே குலைத்துக்கொண்டிருந்த நோயின் தன்மையை ஆராய்வது. இலங்கை அரசு அவரை இரண்டு ஆண்டுகளுக்குப் பூஞ்சை ஆய்வாளராக நியமித்தது. 1880-இல் அவர் பேராதனைக்கு வந்து சேர்ந்தார்.

அவர் வந்து சேர்வதற்குள் நோய் தோன்றிப் பத்தாண்டுகள் கடந்துவிட்டிருந்தன. 1869-இல் மடுல்சீமைப் பகுதித் தோட்டம் ஒன்றில் இலைகளில் மஞ்சள் புள்ளிகள் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டன. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஜி.எச்.கே. த்வெயிட்ஸ், நோயுற்ற இலைகளை இங்கிலாந்தில் இருந்த பூஞ்சையியல் அறிஞர் எம்.ஜே. பெர்க்லிக்கு அனுப்பிவைத்தார். பெர்க்லி தாம் அதுவரை கண்டிராத ஓர் உயிரினம் அது என்று உணர்ந்து, அதே ஆண்டில் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். அதன் ஸ்போர் எனப்படும் வித்தின் ஒரு பக்கம் முள்முள்ளாகவும் மறுபக்கம் வழவழப்பாகவும் இருந்ததால், பாதி வழவழப்பானது என்ற பொருளில் முதற்பெயர். பேரழிவு செய்வது என்ற பொருளில் இரண்டாம் பெயர். பெயர் பொருத்தமாக அமைந்தது. ஆனால், பூஞ்சைகளின் குடும்பத்தில் அதன் சரியான இடம் எது என்பது தெளிவாகவில்லை.

பெயர் கிடைத்ததால் நோய் நிற்கவில்லை. 1870-களில் காப்பியின் உலகச் சந்தை விலை உயர்ந்திருந்தது. விளைச்சல் குறைந்தபோதும் வருமானம் குறையாததால், தோட்ட முதலாளிகள் ஆபத்தை உணராமல் மேலும் மேலும் காட்டை அழித்துக் காப்பி நட்டார்கள். மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிர் நின்றது. நோய்க்கான காரணம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொன்னார்கள். மண் சத்திழந்துவிட்டது என்றனர் சிலர். பருவநிலை மாறிவிட்டது என்றனர் வேறு சிலர். செடியே வலுவிழந்ததால்தான் பூஞ்சை வந்தது, நல்ல உரமிட்டால் தானாகப் போய்விடும் என்று நம்பியவர்கள் பலர். நோய் எங்கிருந்து வருகிறது என்பதில் உடன்பாடு இல்லாதபோது, அதை எங்கே தடுப்பது என்பதிலும் உடன்பாடு இருக்க முடியாது.

வார்டு செய்த முதல் காரியம், ஊகங்களைச் சோதனைக்கு உட்படுத்தியது. ஆரோக்கியமான இலையின் அடிப்புறத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் வித்துகளை ஈரத்தோடு வைத்தார். வித்து வைத்த இடத்தில் சில வாரங்களில் துருப் புள்ளி தோன்றியது. வைக்காத இடம் சுத்தமாகவே இருந்தது. ஆகவே, நோய் செடிக்குள்ளிருந்து ஊறி வருவதன்று, வெளியிலிருந்து வந்து இறங்குவது என்பது உறுதியாயிற்று. அது எவ்வழியே வருகிறது என்பதை அறிய, பசைத்தன்மை உள்ள கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்தார். பின்னர் அவற்றை நுண்ணோக்கியில் பார்த்தபோது, காற்றில் மிதந்து வந்த துருவின் வித்துகள் அவற்றில் ஒட்டியிருந்தன. பயிர் நோய்க் கிருமிகள் காற்றில் பரவுவதைக் கருவி வைத்துப் பிடித்துக் காட்டிய முன்னோடி ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

இலையில் விழுந்த வித்து என்ன செய்கிறது என்பதையும் அவர் படிப்படியாகப் பின்தொடர்ந்தார். நீர்த்துளி இருந்தால் மட்டுமே அது முளைக்கிறது. முளைக்குழல் இலைப் பரப்பில் ஊர்ந்து, இலை மூச்சுவிடும் நுண்துளையைத் தேடி அதன் வழியே உள்ளே நுழைகிறது. உள்ளே இழைகளாகக் கிளைத்து, செல்களிலிருந்து உணவை உறிஞ்சுகிறது. வெளியே எந்த அறிகுறியும் தெரியாத இந்தக் கட்டம் இரண்டு மூன்று வாரங்கள் நீடிக்கிறது. அதன் பிறகே மஞ்சள் புள்ளி தெரிகிறது. அந்த ஒரு புள்ளியிலிருந்து லட்சக்கணக்கான புதிய வித்துகள் காற்றில் கலக்கின்றன. துரு செடியை உடனடியாகக் கொல்வதில்லை. இலைகளை முன்கூட்டியே உதிர்த்து, காய்க்கும் வலுவை ஆண்டுக்கு ஆண்டு குறைக்கிறது. உரமிட்டால் செடி புதிய இலைகளைத் துளிர்க்கும். ஆனால், அந்த இலைகளிலும் துரு இறங்கும். உரத்தை நம்பியவர்கள் கண்ட தற்காலிகப் பலனுக்கான காரணமும் இதனால் விளங்கிற்று.

அடுத்தது, அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்ற கேள்வி. துருப் பூஞ்சைகள் ஒன்றுக்கு மேற்பட்ட வகை வித்துகளை உண்டாக்குபவை. காப்பித் துருவிலும் வழக்கமான ஆரஞ்சு நிற வித்துகளோடு, அரிதாகத் தோன்றும் இன்னொரு வகை வித்து இருப்பதை வார்டு கண்டு விவரித்தார். அது முளைக்கும் விதம், கோதுமைத் துரு போன்றவற்றின் முளைப்பை ஒத்திருந்தது. பெர்க்லியின் ஐயத்துக்கு விடை கிடைத்தது. ஹெமிலியா உண்மையான துருப் பூஞ்சையே என்று அவர் நிலைநாட்டினார். ஆனால், அந்த இரண்டாம் வகை வித்துகள் காப்பி இலையில் நோயை உண்டாக்கவில்லை. கோதுமைத் துருவுக்குப் பார்பெரி இருப்பதுபோல் இதற்கும் வேறொரு செடி இருக்கிறதா என்பது விடையில்லாக் கேள்வியாக நின்றது. அப்படியொரு செடி இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

1882-இல் வார்டு இங்கிலாந்துக்குத் திரும்பினார். தோட்ட முதலாளிகள் அவரிடம் எதிர்பார்த்தது ஒரு மருந்து. அவர் அளித்ததோ ஒரு நோயறிதல். வித்து முளைப்பதற்கு முன்பே இலையின் மேற்பரப்பில் அதை அழித்தால்தான் பயனுண்டு, உள்ளே நுழைந்த பூஞ்சையைச் செடிக்குக் கேடில்லாமல் அழிக்க வழியில்லை என்பதே அவருடைய ஆய்வின் சாரம். சுண்ணாம்பு, கந்தகம் போன்றவற்றால் ஓரளவு பலன் கிட்டினாலும், பரந்த மலைச்சரிவுகளில், மழைக்காலத்தில், திரும்பத் திரும்ப அவற்றைத் தூவுவது கட்டுப்படியாகாது என்பதை அவர் மறைக்கவில்லை. இடைவெளியற்ற காப்பி நடவே காற்றில் வரும் வித்துகளுக்கு விரித்து வைத்த விருந்து என்பதும் அவருடைய ஆய்விலிருந்து விளங்கிற்று. இவை எதுவும் முதலாளிகளுக்கு உவப்பானவையாக இல்லை. மருந்து தராத ஆய்வாளரைத் தோல்வியடைந்தவராகவே அவர்களுள் பலர் எண்ணினர். இல்லாத மருந்தை இருப்பதாகச் சொல்லி நல்ல பெயர் வாங்குவது வார்டுக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை.

அதன் பின் வீழ்ச்சி விரைவாக நடந்தது. 1870-இல் ஏறத்தாழ 10 கோடி பவுண்டாக இருந்த காப்பி உற்பத்தி, 1889-இல் சுமார் 50 லட்சம் பவுண்டாகச் சுருங்கிற்று. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884-இல் மூடப்பட்டது.

இந்த வீழ்ச்சியின் சுமை முதலாளிகளோடு நிற்கவில்லை. காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்தும் காவிரிப் படுகையிலிருந்தும் கங்காணிகள் வழியாகச் சென்றவர்கள். மன்னாரில் இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்து, அங்கிருந்து மலையேறியவர்கள். வழியில் காலராவுக்கும் பட்டினிக்கும் பலியானவர்கள் ஏராளம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அந்தக் கூட்டத்தை மேலும் பெருக்கியது. காப்பி சரிந்தபோது பல தோட்டங்களில் கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. இலையில் தோன்றிய புள்ளிக்கான விலையை இவர்களும் கொடுத்தார்கள்.

காப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தபோது இவர்களுடைய வாழ்க்கை முறையும் மாறியது. காப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் ஆள்கள் மிகுதியாகத் தேவை. ஆகவே, பலர் பருவத்துக்குச் சென்று ஊர் திரும்பினார்கள். தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக லயன் அறைகளில் நிலையாகத் தங்க நேர்ந்தது. இன்றைய மலையகத் தமிழ்ச் சமூகம் உருவான வரலாற்றில் இந்தப் பயிர் மாற்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அவ்வாறு நிலைத்துவிட்டவர்களுள் பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. இத்தனைக்கும் ஒரு பூஞ்சை மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால், அந்தப் பூஞ்சையை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்லவும் முடியாது.

வார்டு இலங்கையை விட்டு நீங்கிய மூன்று ஆண்டுகளில், 1885-இல், பிரான்சின் போர்டோ நகரில் மில்லர்டே என்ற அறிஞர், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கரைசல் திராட்சையின் அடிச்சாம்பல் நோயைத் தடுப்பதைக் கண்டறிந்தார். இலைப் பரப்பில் படிந்திருக்கும் தாமிரம், வித்து முளைப்பதைத் தடுத்துவிடும். வார்டு சுட்டிக்காட்டிய அதே இடத்தில்தான் இந்த மருந்து வேலை செய்கிறது. போர்டோ கலவை என்ற பெயரில் ஏற்காட்டிலும் கீழ்ப்பழனி மலையிலும் குடகிலும் காப்பி விவசாயிகள் இன்றளவும் தெளிப்பது இதைத்தான். இலங்கையில் நோயறிதல் தாமதமாக வந்தது, மருந்து அதனினும் தாமதமாகப் பிறந்தது. இரண்டுக்கும் இடையில் ஒரு பயிரே போய்விட்டது.

தாயகம் திரும்பிய வார்டு, இந்திய வனத்துறைக்கு அதிகாரிகளைப் பயிற்றுவித்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் 1885 முதல் பத்தாண்டுகள் பேராசிரியராக இருந்தார். 1888-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1895-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். அங்கு அவருடைய முயற்சியால் எழுந்த தாவரவியல் துறைக் கட்டடம் 1904-இல் திறக்கப்பட்டது. பதவிகள் உயர்ந்தபோதும் துரு அவரை விடவில்லை. வாழ்வின் கடைசி ஆண்டுகளில் புரோமஸ் என்ற புல்லினத்தையும் அதன் பழுப்புத் துருவையும் எடுத்துக்கொண்டார்.

துருப் பூஞ்சை விதைக்குள்ளேயே உருவமற்ற நிலையில் மறைந்திருந்து பின்னர் வெளிப்படுகிறது என்று ஸ்வீடன் நாட்டு அறிஞர் யாக்கோப் எரிக்சன் அப்போது வாதிட்டு வந்தார். வார்டு புற்களைக் கண்ணாடிக் குழாய்களுக்குள் வெளிக்காற்றின் வித்துகள் அண்டாமல் வளர்த்தார். வித்து வைத்தவற்றில் மட்டும் துரு வந்தது. இலங்கையில் கையாண்ட அதே தர்க்கம், மேலும் கூர்மையான கருவிகளோடு. இந்த ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது. பார்வைக்கு ஒன்றே போலிருக்கும் துரு, ஒரு வகைப் புல்லைத் தாக்குகிறது, அதன் நெருங்கிய உறவான மற்றொன்றை விட்டுவிடுகிறது. இலையின் தடிமனோ, ரோமமோ, துளைகளின் எண்ணிக்கையோ இதற்குக் காரணமல்ல, செல்லுக்குள் இருக்கும் ஏதோ ஒரு பண்புதான் எதிர்ப்பைத் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அந்தப் பண்பு எது என்பதற்கான விடை அவருடைய துறையிலேயே துளிர்த்தது. அவரிடம் உதவியாளராகப் பணியாற்றிய ரோலண்ட் பிஃபன், கோதுமையின் மஞ்சள் துரு எதிர்ப்புத் தன்மை மெண்டலின் விதிப்படி தலைமுறைகளுக்குக் கடத்தப்படுகிறது என்று 1905-இல் அறிவித்தார். மரபியல் என்ற துறைக்கான ஆங்கிலப் பெயரை வில்லியம் பேட்சன் அறிஞர் அரங்கில் முன்வைத்தது 1906-இல். அதே ஆண்டு ஆகஸ்டில், 52-ஆம் வயதில் வார்டு மறைந்தார். ஆசியாவின் மலைகளில் அரிய செடிகளைத் தேடிப் புகழ்பெற்ற ஃபிராங்க் கிங்டன் வார்டு அவருடைய மகன்.

வார்டு கண்ணால் கண்டதை இன்றைய ஆய்வகங்கள் மரபணுவில் படிக்கின்றன. துருப் பூஞ்சையைச் சாதாரண ஊடகத்தில் வளர்ப்பது மிகக் கடினம். உயிருள்ள செடியில்தான் அது வாழும். எனவே, இலையிலிருந்து எடுத்த வித்துகளிலிருந்தே டி.என்.ஏ. பிரிக்கப்படுகிறது. கரோனா காலத்தில் நாமெல்லாம் அறிந்துகொண்ட பி.சி.ஆர். முறையில் அதன் குறிப்பிட்ட ஒரு பகுதி பெருக்கப்பட்டு, எழுத்தெழுத்தாகப் படிக்கப்படுகிறது. பூஞ்சைகளை இனங்காணும் பொதுவான அடையாளப் பகுதியாக ஐ.டி.எஸ். எனப்படும் துண்டு 2012-இல் ஏற்கப்பட்டது. துருவின் மேலேயே ஒட்டி வாழும் வேறு பூஞ்சைகளின் டி.என்.ஏ. கலந்து குழப்பிவிடாதபடி, துருவுக்கென்றே வடிவமைத்த வினைப்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரே இனமென்று கருதப்பட்ட காப்பித் துருவுக்குள் தெளிவாக வேறுபட்ட மூன்று மரபுக் கிளைகள் இருப்பதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவற்றுள் ஒவ்வொன்றும் தாக்கும் காப்பிச் செடிகளும் வேறுபடுகின்றன. புரோமஸ் புல்லில் வார்டு கண்ட புதிர் இன்று மரபணுவின் மொழியில் படிக்கப்படுகிறது.

ஆனால், இயந்திரம் சொல்லும் பெயர், ஒப்பிடுவதற்கு நாம் வைத்திருக்கும் தொகுப்பின் அளவுக்கே நம்பத்தக்கது. ஒரு வரிசை எதனோடும் பொருந்தவில்லை என்றால், அது புதிய இனமா அல்லது பழைய இனத்தை யாரும் இதுவரை பதிவு செய்யவில்லையா என்று முடிவு செய்ய, உலர்த்திப் பாதுகாத்த பழைய மாதிரிகளும், வித்தின் வடிவத்தை நுண்ணோக்கியில் படிக்கத் தெரிந்த மனிதர்களும் தேவை. வகைப்பாட்டியல் படிக்க மாணவர்கள் முன்வராத, அதற்கெனப் பணியிடங்கள் ஒதுக்கப்படாத நிலையில், விலையுயர்ந்த கருவிகளை மட்டும் வாங்கிக் குவிப்பதால் இந்தக் குறை தீராது.

1970-இல் பிரேசிலை அடைந்த காப்பித் துரு, 2012-ஐ ஒட்டி மத்திய அமெரிக்காவில் பெரும் சேதம் விளைவித்தது. 2020-இல் ஹவாய்த் தீவுகளையும் எட்டியது. பெயரும் மரபணுவும் தெரிந்த நோயே இப்படிப் பரவுகிறதென்றால், நாளை நம் வயலில் தோன்றக்கூடிய பெயர் தெரியாத நோய்க்கு நாம் எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறோம்? விவசாயி கொண்டுவரும் ஓர் இலை எத்தனை நாளில் உரிய ஆய்வகத்தை அடைகிறது, அங்கிருந்து விடை எத்தனை நாளில் அவரிடம் திரும்புகிறது என்பதே அந்த ஆயத்தத்தின் அளவுகோல்.

இலங்கையில் முதல் புள்ளி தெரிந்ததற்கும் முறையான ஆய்வு தொடங்கியதற்கும் இடையே 11 ஆண்டுகள் ஓடின. அந்த ஆண்டுகளைத் தின்றது துரு மட்டுமல்ல. விலை நன்றாக இருக்கும்வரை கவலையில்லை என்ற மெத்தனமும், தமக்குப் பிடித்த காரணத்தையே நம்பிய பிடிவாதமும்தான். மார்ஷல் வார்டு அந்த 11 ஆண்டுகளை மீட்டுத் தர முடியவில்லை. பிழைக்காத பயிரைப் பற்றியும் பொய் சொல்லாமல் அவர் எழுதிவைத்த நோயறிதல்தான், பின்னால் வந்தவர்கள் மருந்தையும் எதிர்ப்பு ரகங்களையும் தேடிச் சென்றபோது அடித்தளமாக இருந்தது. நோயை இனங்காணும் அறிவை நாம் இன்று பெருமளவு விரைவுபடுத்திவிட்டோம். அந்த அறிவு சொல்வதை, விலை நன்றாக இருக்கும் காலத்திலேயே கேட்கும் பழக்கம்தான் இன்னும் வர வேண்டியிருக்கிறது.